தட்டிப் பார்க்கும் தொழில்

மண்பானை வாங்கப் போகிறவர்கள் முதலில் விலை கேட்பதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டு. 'டங்' என்றால் நல்ல பானை. 'தொப்' என்றால் எங்கேயோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல். பேசாமல் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். இதற்கென்று யாரும் கோர்ஸ் படித்ததில்லை. அம்மா தட்டுவதைப் பார்த்து மகள் தட்டுவாள். அவ்வளவுதான்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கும் இதே பழக்கம் உண்டு. கல்லைத் தட்டிக் காது கொடுப்பார்கள். சிற்ப சாஸ்திரம் இந்த ஓசையை வைத்தே கல்லை மூன்று ஜாதியாகப் பிரித்திருக்கிறது. கோயில் மணி மாதிரி கணீரென்று ஒலித்தால் ஆண் கல். வெண்கலத் தாளம் போல மென்மையாக ஒலித்தால் பெண் கல். ஓசையே எழாமல் மொத்தென்று கிடந்தால் நபும்சகக் கல். அது மூர்த்தி செய்ய ஆகாது. அஸ்திவாரத்துக்குப் போகட்டும் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏனென்றால், ஆறு மாதம் செதுக்கிக் கண் திறக்கிற நேரத்தில் மூக்கு உடைந்து விழுந்தால் சிற்பி என்ன செய்வார்? உடைக்காமலேயே உள்ளே பார்த்தாக வேண்டும்.

இதே மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கேயும் சிலபேர் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லை அல்ல, குழாயை. குழாயும் குழாயும் சேருகிற வெல்டிங்கை. காதுக்குப் பதில் அல்ட்ராசோனிக் கருவி, கண்ணுக்குப் பதில் எக்ஸ்-ரே. செங்கல்பட்டு ஜில்லாவில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பையன்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பிழைப்பு. 'என்.டி.டி. முடித்திருக்கிறான்', 'க்யூ.சி. இன்ஸ்பெக்டராகத் துபாய் போகிறான்' என்று சொல்வார்கள்.

எந்த ஒரு பொருளையும் உடைக்காமல், அறுக்காமல், அதன் உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பதுதான் என்.டி.டி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலின் பாடப் புத்தகத்தில் இருக்கிற விதிகளை யாரும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் சில பிணங்கள் இருக்கின்றன.

*

தட்டிப் பார்ப்பது ஒரு முழு நேர உத்தியோகமாக மாறியது நீராவி வந்த பிறகு. பானை உடைந்தால் தண்ணீர் போகும். பாய்லர் உடைந்தால் உயிர் போகும்.

1865, ஏப்ரல். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிகிற நேரம். மிசிசிப்பி நதியில் 'சுல்தானா' என்று ஒரு நீராவிப் படகு. எதிரியின் சிறையிலிருந்து விடுதலையான வடபகுதிச் சிப்பாய்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. தலைக்கு இத்தனை டாலர் என்று அரசாங்கமே கட்டணம் தருகிறது. படகில் ஏறலாம் என்று அனுமதிக்கப்பட்டவர்கள் 376 பேர். ஏற்றப்பட்டவர்கள் 2,000-க்கும் மேல்!

விக்ஸ்பர்க் துறையில் பாய்லரில் கசிவு. பார்க்க வந்த மெக்கானிக், பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட வேண்டும், சில நாள் பிடிக்கும் என்றார். கேப்டனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தாமதித்தால் சிப்பாய்களை வேறு படகு அள்ளிக்கொண்டு போய்விடுமே! ஒரு ஒட்டுப் போடு, போதும் என்றார். போட்டார்கள். ஏப்ரல் 27, அதிகாலை இரண்டு மணி வாக்கில் மெம்பிஸ் நகரைத் தாண்டியதும் பாய்லர்கள் வெடித்தன. போரைப் பிழைத்து, சிறையைப் பிழைத்து, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களில் 1,100 பேருக்கு மேல் ஆற்றோடு போனார்கள்.

வெடித்ததற்கு அந்த ஒட்டுதான் காரணமா, அதிக பாரமா, தண்ணீர் மட்டம் குறைந்ததா என்று இன்றைக்கும் சரித்திரக்காரர்கள் வாதம் செய்கிறார்கள். ஒன்றில் மட்டும் வாதம் இல்லை. 'கூடாது' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

அதற்குப் பிறகும் பாய்லர்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. 1905 மார்ச் 20-ம் தேதி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்கிற ஊரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் பழைய பாய்லர் வெடித்து, கட்டடமே சரிந்து, தீப்பிடித்து 58 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் அந்த மாநிலம் விழித்துக்கொண்டு 1907-ல் சட்டம் போட்டது. அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர்கள் சங்கம் உட்கார்ந்து விதிகளைத் தொகுத்து 1915-ல் புத்தகமாக வெளியிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்க பைப்பிங் இன்ஸ்பெக்டர்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற 'ஏ.எஸ்.எம்.இ. கோட்' பிறந்த கதை இதுதான்.

இந்த விஷயத்தில் நாம் மாசசூசெட்ஸுக்கு முன்னாடி! 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலபேர் இறந்துபோக, அடுத்த வருஷமே வங்காளத்தில் பாய்லர் சட்டம் வந்துவிட்டது. மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட விதிகளையெல்லாம் ஒன்றாக்கி 1923-ல் இந்திய பாய்லர் சட்டம் கொண்டுவந்தார்கள். 100 வருஷத்துக்கு மேல் ஓடிய அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-ல்தான் புதுச் சட்டம் வந்தது. சாராம்சம் அதேதான். 'கூடாது' என்று சொல்கிற இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் சட்டம் நிற்கும். முதலாளி முறைக்க முடியாது.

*

இதுவரை சொன்னதெல்லாம் ரிவெட் காலம். தகட்டோடு தகட்டை வைத்து, துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடித்துச் சேர்ப்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஸ்வீடன்காரர் ஆஸ்கர் கெல்பெர்க் மேலே பூச்சு பூசிய வெல்டிங் ராடைக் கண்டுபிடித்தார். ராடின் முனையில் மின்பொறி. இரும்பே உருகி இரும்போடு சேர்ந்துவிடும். ரிவெட்டைவிட வேகம், எடையும் குறைவு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வெல்டிங்கை நம்பியே 2,700-க்கும் அதிகமான 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளியது.

அப்போதுதான் அந்த வினோதம் நடந்தது. 1943 ஜனவரி 16. ஆரெகான் மாநிலத்தில் போர்ட்லண்ட் துறைமுகம். 'ஸ்கெனெக்டடி' என்கிற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. அலை இல்லை, புயல் இல்லை, எதிரியின் டார்பிடோ இல்லை. நல்ல குளிர் மட்டும். திடீரென்று பெரும் சத்தம். கப்பல் கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்துவிட்டது!

ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அந்தத் தகட்டின் ஓரத்தில் அது நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பலோ ஒரே துண்டு. கிளம்பின விரிசல் எங்கே நிற்கும்? கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்கிற பெண் விஞ்ஞானி இந்தக் கப்பல்களின் எஃகை ஆராய்ந்து, அந்த எஃகு குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை கொண்டது என்று காட்டினார். எஃகின் தரம், வடிவமைப்பு, அவசர வெல்டிங்கில் விழுந்த குறைகள் என்று எல்லாம் சேர்ந்துதான் வினை. ஆக, வெல்டிங்கில் சின்னக் குறை என்று ஒன்று கிடையாது. அது இன்னும் வளராத குறை.

ஆனால் இரும்புக்குள் இருக்கும் குறையை எப்படிப் பார்ப்பது? நல்லவேளை, வழி ஏற்கெனவே இருந்தது. 1895-ல் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் முதலில் மனைவியின் கையைப் படம் பிடித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷமே தன் வேட்டைத் துப்பாக்கியையும் படம் எடுத்தார். உலோகத்தின் உள்ளே இருக்கும் குறையைப் படத்தில் பார்க்கலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. 1940-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபயர்ஸ்டோன், காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, அதன் எதிரொலியைப் பிடித்து விரிசலைக் காட்டும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். யோசித்துப் பாருங்கள், சிற்பி கல்லைத் தட்டிக் கேட்ட அதே சங்கதி! ஓசைதான் நம் காது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

*

பார்க்க வழி கிடைத்தாச்சு, பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? ம்ஹூம். பார்க்கிறவர் உண்மை சொல்ல வேண்டுமே!

1970-களில் அலாஸ்காவின் வட கோடியிலிருந்து தெற்குத் துறைமுகம் வரை சுமார் 1,290 கிலோமீட்டருக்கு எண்ணெய்க் குழாய் போட்டார்கள். 1975-ல் மட்டும் 30,000 வெல்டிங்குகள். ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்-ரே படம் வேண்டும் என்பது விதி. அந்த வேலையில் இருந்த ஒருவர் கோர்ட்டுக்குப் போனபோதுதான் விஷயம் கசிந்தது. சில படங்கள் இல்லவே இல்லை. சில இடங்களில் ஒரே நல்ல வெல்டிங்கின் படத்தை வேறு வெல்டிங்கின் நம்பரில் ஒட்டியிருக்கிறார்கள்! தணிக்கை செய்தபோது ஏறக்குறைய 4,000 வெல்டிங்குகளின் கணக்கு சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றமே விசாரித்தது. மூடின பள்ளத்தைத் திரும்பத் தோண்டினார்கள், ஆற்றுக்கு அடியில் புதைத்த குழாயையெல்லாம் யோசிக்க வேண்டி வந்தது. கோடிக்கணக்கான டாலர் செலவு. குழாயில் எண்ணெய் ஓட 1977 ஜூன் ஆகிவிட்டது.

வெல்டர் தப்பு செய்தால் இன்ஸ்பெக்டர் பிடிக்கலாம். இன்ஸ்பெக்டர் பொய் சொன்னால்?

அதனால்தான் எக்ஸ்-ரே எடுக்கும்போது வெல்டிங் மேல் மெல்லிய கம்பிகள் வரிசையாகப் பதித்த ஒரு சின்ன வில்லையை வைக்கச் சொல்லித் தருகிறார்கள். படத்தில் குறிப்பிட்ட கம்பி தெரியவில்லையென்றால் அந்தப் படமே செல்லாது. வெல்டிங் நன்றாக இருக்கிறதா என்பது அப்புறம். முதலில், பார்க்கிற கண் சரியாக இருக்கிறதா என்று நிரூபி!

நார்வே கதை இன்னும் கொடுமை. 1980 மார்ச் 27. வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலாண்ட்' என்கிற ஐந்து கால் மிதவை மேடை. புயலடித்த சாயங்காலம். ஒரு கால் பிய்ந்துகொண்டு போக, மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் பலி. விசாரணைக் குழு உடைந்த இரும்பைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தது. ஆரம்பம் எங்கே தெரியுமா? கடலடி ஓசை கேட்கும் ஒரு கருவியைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில். மேடையின் பாரத்தைத் தாங்குகிற வெல்டிங் அல்ல. சும்மா ஒரு கருவியை மாட்ட! யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. விரிசலுக்குள்ளே பெயின்ட் இருந்தது. அதாவது மேடை கடலுக்கு வருவதற்கு முன்னாலேயே, பெயின்ட் அடித்த நாளிலேயே, விரிசல் அங்கே இருந்திருக்கிறது. அதன் மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

*

இத்தனை பேருடைய பாடத்தையும் மொத்தமாகப் படித்துவிட்டு வேலை செய்ய வேண்டிய இடம் ஒன்று நம் ஊரில் வந்தது. அதுதான் கல்பாக்கம்.

1971-ல் அங்கே அணு உலை ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். (1985-ல் அதற்கு இந்திரா காந்தி பெயர் வைக்கப்பட்டது.) பக்கத்திலேயே சென்னை அணுமின் நிலையம். அதன் முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. 1985 அக்டோபரில் சோதனை வேக ஈனுலை. இந்த வேக ஈனுலைகளில்தான் பைப்பிங்காரர்களுக்கு உண்மையான பரீட்சை. சாதாரண உலையில் சூட்டைக் கடத்துவது தண்ணீர். இதிலோ உருகிய சோடியம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சின்னத் துண்டு சோடியத்தை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்துத் தண்ணீரில் போட்டு வெடிக்க விட்டது நினைவிருக்கிறதா? அதே சோடியம், டன் கணக்கில், 500 டிகிரிக்கு மேலான சூட்டில்!

இந்தச் சூட்டை வைத்து நீராவி உண்டாக்க வேண்டும். நீராவி ஜெனரேட்டருக்குள்ளே மெல்லிய குழாய்கள். குழாய்க்கு வெளியே சோடியம், உள்ளே தண்ணீர். நடுவில் இருப்பது குழாயின் சுவர் மட்டும். கல்பாக்கத்தில் 2004-ல் கட்ட ஆரம்பித்த 500 மெகாவாட் ஈனுலையில் அந்தச் சுவரின் கனம் 2.3 மில்லிமீட்டர்! 8 ஜெனரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் 547 குழாய்கள். ஒரு குழாய் 23 மீட்டர் நீளம். இரண்டு முனையிலும் தாங்கு தகட்டோடு வெல்டிங். கணக்குப் போட்டால் 8,752 வெல்டிங்குகள். ஒன்று கசிந்தாலும் தண்ணீரும் சோடியமும் சந்தித்துவிடும்.

ஸ்காட்லாந்தின் டூன்ரே ஈனுலை இதில்தான் அடிபட்டது. குழாயும் தகடும் சேரும் அதே வெல்டிங்குகளில் 1974 முதல் வரிசையாகக் கசிவுகள். வெல்டிங்குக்குப் பிறகு அந்த இடத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தாமல் விட்டதுதான் முக்கியக் காரணம். பல வருஷம் அந்த உலை பாதித் திறனில் முனகிக்கொண்டு கிடந்தது.

கல்பாக்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள்? விரல் பருமன்கூட இல்லாத குழாய்க்குள் நுழைகிற, கம்பி போன்ற எக்ஸ்-ரே கருவியைப் பயன்படுத்தி உள்ளிருந்தே படம் எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். சாம்பிளுக்கு நாலு பார்த்தால் போதும் என்ற பேச்சே கிடையாது. ஒன்று விடாமல் எல்லாம். உலையின் பிரதானப் பாத்திரம் ஏறக்குறைய 13 மீட்டர் விட்டம் கொண்டது. அத்தனை பெரிசை எந்த ரோட்டில் கொண்டு வருவது? கல்பாக்கத்திலேயே கூடம் கட்டி, துண்டு துண்டாக வந்த தகடுகளை அங்கேயே வெல்டிங் செய்து சோதித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி, உலைக்காகத் தோண்டிய பள்ளத்தையே கடலால் நிரப்பிவிட்டுப் போனது. இறைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். 2010-ல் முடியும் என்று சொன்ன உலையின் மையத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. தாமதத்துக்குத் திட்டலாம், நியாயம்தான். ஆனால் இந்த வேலையில் அவசரம் என்ன செய்யும் என்று சுல்தானா கேப்டனைக் கேட்டால் தெரியும்.

இந்தப் பள்ளியின் பெரிய வாத்தியார் பல்தேவ் ராஜ். ஜம்முவில் பிறந்து, இளம் விஞ்ஞானியாகக் கல்பாக்கம் வந்து, 2004 முதல் 2011 வரை அதன் இயக்குநராக இருந்தவர். 2018-ல் காலமானார். அவரும், சக விஞ்ஞானிகள் ஜெயகுமார், தவசிமுத்து இருவரும் சேர்ந்து எழுதிய என்.டி.டி. பாடப் புத்தகம் இந்தத் துறையில் நுழைகிற மாணவர்களுக்கு இன்றைக்கும் அரிச்சுவடி. இதே மையத்து ஆட்கள் அல்ட்ராசோனிக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஹம்பிக்குப் போய், விட்டலர் கோயிலின் இசைத் தூண்களையும் சோதித்தார்கள். உள்ளே குடைந்திருப்பார்கள் என்று பலகாலமாக ஒரு பேச்சு. இல்லை, கெட்டியான கருங்கல்தான் என்று முடிவு வந்தது. கல் தட்டிய சிற்பியும் குழாய் தட்டும் இன்ஸ்பெக்டரும் சந்தித்துக்கொண்ட இடம் அது!

*

சரி, இந்த வேலைக்கு எப்படித் தயாராவது?

கல்பாக்கம் மையம் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியில் சேர்க்கும். டிப்ளமோவுக்கு 18 மாதம், ஐ.டி.ஐ.க்கு 24 மாதம். திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கேயும் பயிற்சி உண்டு. இவை போக, தனியார் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு. 'பதினைந்தே நாளில் லெவல் 2, கல்ஃபில் வேலை' என்று போஸ்டர் ஒட்டுவது இவர்கள்தான்.

இந்த 'லெவல்' விவகாரத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். அமெரிக்க என்.டி.டி. சங்கம் 1966-ல் வகுத்த முறை அது. லெவல் 1, சொன்னபடி சோதனை செய்பவர். லெவல் 2, கருவியைச் சரிபார்த்து, முடிவைப் படித்து, பாஸா ஃபெயிலா என்று தீர்ப்பு எழுதுபவர். லெவல் 3, முறையையே வகுப்பவர், மற்றவர்களுக்குப் பரீட்சை வைப்பவர். எக்ஸ்-ரே முறைக்கு லெவல் 1-க்கு 40 மணி நேரம், லெவல் 2-க்கு இன்னொரு 40 மணி நேரம் வகுப்பு. இதை வேண்டுமானால் பதினைந்து நாளில் முடிக்கலாம். ஆனால் கூடவே மாதக்கணக்கில் கள அனுபவம் வேண்டும் என்று அதே விதி சொல்கிறதே! அதைப் போஸ்டரில் போட மாட்டார்கள். இன்னொன்று, அந்த முறையில் சான்றளிப்பவர் வேலை கொடுக்கும் முதலாளி. கம்பெனி மாறினால் சான்றிதழும் முடிந்தது. புது முதலாளி திரும்பச் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் கண் பரிசோதனை கட்டாயம்.

வேலையும் சொகுசு அல்ல. எக்ஸ்-ரே குழாய் போக முடியாத இடத்தில் இரிடியம்-192 என்கிற கதிரியக்க மூலத்தை வைத்துப் படம் எடுப்பார்கள். 74 நாளில் அதன் வீரியம் பாதியாகும். அதுவரை தீ மாதிரி. சுற்றிலும் கயிறு கட்டி, ஆட்களை விரட்டிவிட்டு, பெரும்பாலும் ராத்திரியில்தான் வேலை. நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் பட்டை. அதற்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு.

எனவே மகனையோ மகளையோ இந்தப் படிப்பில் சேர்க்கப் போகிற பெற்றோர் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற லெவல் 3 யார்? பிள்ளை தன் கையால் எத்தனை வெல்டிங் சோதிப்பான்? கெட்ட வெல்டிங் மாதிரிகள் வைத்திருக்கிறார்களா? நல்ல வெல்டிங்கை மட்டும் பார்த்துப் பழகியவனுக்குக் கெட்டது கண்ணில் படாது. நாலாவது கேள்வி பிள்ளையிடம் கேட்க வேண்டியது. ராத்திரி மூணு மணிக்கு, காலையில் குழாய் போயாக வேண்டும் என்று கான்ட்ராக்டர் தலைமேல் நிற்கும்போது, 'இது ஃபெயில், வெட்டிவிட்டுத் திரும்பப் போடு' என்று உன்னால் சொல்ல முடியுமா?

முடியும் என்றால் சேரட்டும். அப்படி அவன் சொன்ன பிறகு அந்தக் குழாய் 40 வருஷம் ஒழுங்காக ஓடும். எதுவும் வெடிக்காது. பேப்பரில் செய்தி வராது. யாரும் அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கேயோ ஒரு பீரோவில், பழுப்பேறிய ஃபைலில், அவன் போட்ட 'ரிஜெக்டட்' மட்டும் கையெழுத்தோடு இருக்கும்.